ஃபெராரிக்கு எத்தனை பல்?

ஒரு சின்ன கேள்வி. உலகத்துல மொத்தமே நூத்திச் சொச்சம் கார்தான் செஞ்சிருக்காங்க. அதுல ஒண்ணு இப்போ செகண்ட் ஹேண்ட்ல விலைக்கு வருது. 'இது இவ்வளவு பெறும்'னு கணக்குப் போட நீங்க கத்துக்கணும். எங்கே போவீங்க? துபாய்? ஜெர்மனி?

நான் சொல்ற ஊர் கீழ்பென்னாத்தூர். சிரிக்காதீங்க பாஸ், சீரியஸாத்தான் சொல்றேன்.

திருவண்ணாமலையில் இருந்து செஞ்சி போற பஸ்ல ஏறி உட்கார்ந்தா சுமார் 20 கிலோமீட்டர். ரெண்டு ஊருக்கும் ஏறக்குறைய நடுவுல இருக்கு. பேரூராட்சி, தாலுகா தலைமையிடம், சட்டமன்றத் தொகுதின்னு பேருக்கு முன்னாடி எல்லாம் இருக்கு. ஆனா பஸ்ஸை விட்டு இறங்கினா டீக்கடை, உரக்கடை, செல்போன் ரீசார்ஜ் கடை, அவ்வளவுதான். சுத்தி நெல்லும் கரும்பும் மல்லாட்டையும். (சென்னை மக்களே, மல்லாட்டைன்னா வேர்க்கடலை!) வானம் தெளிவா இருந்தா மேற்கே அண்ணாமலை தெரியும்.

இந்த ஊருக்கும் காருக்கும் என்ன சம்பந்தம்? ரோடுதான் சம்பந்தம். கிருஷ்ணகிரியில் கிளம்பி ஊத்தங்கரை, செங்கம், திருவண்ணாமலை, கீழ்பென்னாத்தூர், செஞ்சின்னு திண்டிவனம் போய்ச் சேருது இந்த நெடுஞ்சாலை. புரியுதா? பெங்களூர்க்காரங்க வீக் எண்டுக்குப் பாண்டிச்சேரி போற ரூட்டு! வெள்ளிக்கிழமை சாயங்காலமும் சனிக்கிழமை காலையிலயும் 'கே.ஏ.' நம்பர் பிளேட்டா வரும். ஞாயித்துக்கிழமை அதே வண்டிங்க திரும்பிப் போகும். நூறு இன்னோவாவுக்கு நடுவுல என்னைக்காவது ஒருநாள் தரையோட ஒட்டிக்கிட்டு மஞ்சளா ஒண்ணு சீறிட்டுப் போகும். டீக்கடையில இருக்கிற மொத்தக் கூட்டமும் திரும்பிப் பார்க்கும்.

அப்புறம் ஆரம்பிக்கும் பாருங்க ஏலம்... "மச்சி, மூணு கோடிடா!" "போடா, அஞ்சுக்கு மேல!" ஒருத்தன் உடனே செல்போனை எடுத்துத் தேடுவான். ஏதோ விளம்பரத்துல போட்டிருக்கிற நம்பரைக் காட்டி, "நான் சொல்லல?"ம்பான்.

அவன் ஜெயிச்சுட்டானா? இல்ல. அவன் பார்த்தது விலையே இல்லை. ஏன்னு தெரியணும்னா டீயைக் குடிச்சுட்டு என்கூட சந்தைக்கு வாங்க.

துண்டுக்கு அடியில ஒரு விலை

கீழ்பென்னாத்தூர்ல வாரச்சந்தை கூடும். காய்கறி, கருவாடு, ஆடு, மாடுன்னு காலையிலயே களை கட்டிடும். மாடு நிக்கிற பக்கம் போனா ஒரு காட்சியைப் பார்க்கலாம். ரெண்டு பேர் கை குலுக்குற மாதிரி நிப்பாங்க. கை மேல ஒரு துண்டு. வாய் வேற எதையோ பேசும். துண்டுக்குள்ள விரல்கள் மட்டும் விலை பேசும். ஒரு விரலைப் பிடிச்சா இவ்வளவு, ரெண்டைச் சேர்த்துப் பிடிச்சா இவ்வளவுன்னு கணக்கு. பக்கத்துல நிக்கிற நமக்கு ஒண்ணும் தெரியாது.

ஏன் இந்த ரகசியம்? ஒரு தரகர் பெரியவர்கிட்ட கேட்டேன். வெத்தலைய ஒதுக்கிக்கிட்டே சொன்னார்: "வாயில சொல்றது ஊருக்கு தம்பி. விரல்ல சொல்றதுதான் நெசம்."

இதை அப்படியே கார் உலகத்துக்குக் கொண்டுபோங்க. ஒரு பொருளுக்கு எப்பவுமே மூணு நம்பர் இருக்கு. விக்கிறவர் கேட்கிறது ஒண்ணு. வாங்குறவர் மனசுல வெச்சிருக்கிறது இன்னொண்ணு. கடைசியில பணமும் சாவியும் கைமாறும்போது இருக்கிறது மூணாவது. விளம்பரத்துல வர்றது முதல் நம்பர்தான். ஆசைக்கு எவ்வளவு வேணா கேட்கலாம். சாயங்காலம் வரைக்கும் போகாம, வந்த வழியே வீட்டுக்குத் திரும்பி நடக்கிற மாட்டுக்கு, காலையில சொன்ன விலை விலையா? அதனாலதான் அபூர்வ கார்களை மதிப்பிடுறவங்க விளம்பரத்தை ஓரமா வெச்சுட்டு, ஏலத்துல சுத்தியல் தட்டி முடிஞ்ச விலையைத் தேடிப் போறாங்க.

சரி, அந்த மூணாவது நம்பரை எது தீர்மானிக்குது?

பல்லைப் பாரு, சேஸிஸைப் பாரு

முதல் பாடம் பல். 'தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பார்க்காதே'ம்பாங்க. காசு கொடுத்து வாங்குற மாட்டை? கட்டாயம் பார்க்கணும்! ரெண்டு பல்லுன்னா சுமார் ரெண்டு வயசு. அப்புறம் நாலு பல், ஆறு பல். எட்டுப் பல்லும் வந்துட்டா 'கடை சேர்ந்துடுச்சு'ம்பாங்க. அதுக்கு மேல எண்ணிக்கையை வெச்சு வயசு சொல்ல முடியாது. தேய்மானத்தைப் பார்த்து ஊகிக்கணும். அதுக்குத்தான் அனுபவம்.

கார்ல பல்லு எங்கே இருக்கு? சேஸிஸ் நம்பர், இன்ஜின் நம்பர், கியர்பாக்ஸ் நம்பர். ஃபேக்டரியில இருந்து வெளியே வந்தப்போ இருந்த அதே இன்ஜின், அதே சேஸிஸ்ல இப்பவும் இருக்கான்னு பழைய ரெக்கார்டோட ஒப்பிடுவாங்க. பொருந்தினா ஒரு விலை. இன்ஜின் மாறியிருந்தா வேற விலை. மீட்டர்ல ஓடின கிலோமீட்டரை மட்டும் நம்ப மாட்டாங்க. சர்வீஸ் புக், டயர், பெடல் ரப்பர், சீட்டோட மடிப்பு எல்லாம் அதே கதையைச் சொல்லுதான்னு பார்ப்பாங்க.

மாட்டுக்குச் சுழியும் பார்ப்பாங்க. உடம்புல முடி சுழிச்சிருக்கிற இடத்தை வெச்சு ராசி சொல்றது. 'சுழி சுத்தம்'னா விலை ஏறும். 'பாடைச் சுழி'ன்னா வாங்க ஆளே வராது. "இதுல என்ன சார் சயின்ஸ் இருக்கு?"ன்னு என் இன்ஜினீயரிங் மூளை கேட்டது. ஆனா யோசிச்சுப் பாருங்க. நான் நம்புறேனா இல்லையாங்கிறது இங்கே மேட்டரே இல்லை. நாளைக்கு என்கிட்ட இருந்து வாங்கப் போறவர் நம்புறாரா? அவர் நம்பினா சுழிக்கு விலை உண்டு. சிவப்பு ஃபெராரிக்கும், ஃபேக்டரியில அடிச்ச அதே பெயிண்ட்டுக்கும் இருக்கிற மவுசும் கிட்டத்தட்ட இதே ஜாதிதான்.

நரி, பரி ஆன கதை

இந்த ஏரியாவுக்கு வந்துட்டு மாணிக்கவாசகரை விட்டுட்டுப் போக முடியாது. அவர் திருவெம்பாவை பாடினது திருவண்ணாமலையிலதான்னு சொல்லுவாங்க. அவரோட ஃபேமஸ் கதை உங்களுக்குத் தெரியும். பாண்டிய ராஜா குதிரை வாங்கக் கொடுத்த பணத்தை அவர் கோயிலுக்குச் செலவு பண்ணிட்டார். சிவபெருமான் நரிகளைப் பரிகளாக்கி மதுரைக்கு ஓட்டிட்டு வந்தார். ராஜா பார்த்தார், அசந்தார், லாயத்துல கட்டச் சொன்னார். ராத்திரி ஆச்சு... குதிரை எல்லாம் மறுபடியும் நரி!

பக்தர்களுக்கு இது திருவிளையாடல். அபூர்வ கார் வாங்குறவங்களுக்கு இது தூக்கத்தைக் கெடுக்கிற கனவு. 2019ல் பிரேசில் நாட்டுல இதஜாய்ங்கிற ஊர்ல போலீஸ் ஒரு ஒர்க்‌ஷாப்பை மூடினாங்க. உள்ளே தயாராகிட்டு இருந்தது போலி ஃபெராரி, போலி லம்போர்கினி. வெளியே பார்த்தா பரி, பானெட்டைத் திறந்தா நரி.

அந்தக் காலத்துக் குதிரை வியாபாரத்துல இன்னொரு பாடமும் இருக்கு. 13ஆம் நூற்றாண்டுக் கடைசியில பாண்டிய நாட்டுக்கு வந்த மார்கோ போலோ, கடல் தாண்டி வர்ற அரபுக் குதிரைக்கு இங்கே கொட்டிக் கொடுக்கிறதைப் பார்த்து வாயைப் பிளந்திருக்கார். ஒரு குதிரை 100 மார்க் வெள்ளிக்கும் மேலன்னு எழுதியிருக்கார். ராஜா வருஷத்துக்கு ஆயிரக்கணக்குல வாங்குவாராம். வருஷக் கடைசியில நூறுகூடத் தேறாதாம். ஏன்? பராமரிக்கத் தெரிஞ்ச ஆள் இங்கே இல்லை. குதிரை வைத்தியர்கள் இங்கே வந்துடாம வியாபாரிகளே பார்த்துக்கிட்டாங்கன்னும் சொல்றார். குதிரை செத்தாத்தானே அடுத்த குதிரை விக்கும்!

இன்னைக்கும் இதே கணக்குதான். ஒரு எக்ஸாடிக் காரை யார் சர்வீஸ் பண்ணுவாங்க, ஸ்பேர் பார்ட்ஸ் எங்கே இருந்து வரும், எத்தனை மாசம் ஆகும்... இந்தக் கேள்விக்குப் பதில் இல்லைன்னா ரீசேல் விலையில பெரிய வெட்டு விழும். பல ஸ்போர்ட்ஸ் கார்கள் ஷோரூமை விட்டு இறங்கின முதல் சில வருஷத்துல விலை சரியறதுக்கு இதுவும் ஒரு காரணம். விலை ஏறுறது ரொம்பச் சில கார்களுக்குத்தான்.

மிஸ்டர் பீனும் சச்சினும்

அந்தச் சில கார்கள் எது? 'யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன்'னு சொல்ற ஜாதி. சும்மா சொல்லல. 1954ல் செஞ்ச ஃபெராரி 500 மோண்டியல் ஒண்ணு, 1960கள்ல பந்தயத்துல மோதி எரிஞ்சு போச்சு. மிச்சம் இருந்தது நசுங்கின தகரம் மாதிரி ஒரு எலும்புக்கூடு. 2023ல் அமெரிக்காவுல ஏலத்துக்கு வந்துச்சு. போன விலை 18 லட்சத்து 75 ஆயிரம் டாலர். நம்ம பணத்துல சுமார் 15 கோடி! நம்ம ஊர் பழைய இரும்புக் கடையில கிலோ கணக்குல எடை போட்டிருப்பாங்க. வாங்கினவர் வாங்கினது இரும்பை இல்லை. அந்த சேஸிஸ் நம்பரையும் அதுக்குப் பின்னாடி இருக்கிற கதையையும்.

நம்ம மிஸ்டர் பீன், அதாவது ரோவன் அட்கின்சன், 1997ல் மெக்லாரன் எஃப்1 கார் ஒண்ணு வாங்கினார். புதுசா வந்தப்போ அதோட விலை 5 லட்சத்து 40 ஆயிரம் பவுண்ட். மொத்தம் செஞ்சதே 106 கார். மனுஷன் அதைப் பூட்டி வைக்கல, கடைத்தெருவுக்கெல்லாம் ஓட்டிட்டுப் போனார். ரெண்டு தடவை இடிச்சார். 2011ல் ரெண்டாவது தடவை இடிச்சப்போ ரிப்பேருக்கு இன்ஷூரன்ஸ் கொடுத்தது மட்டும் சுமார் 9 லட்சம் பவுண்ட். கார் வாங்கின விலையை விட ஜாஸ்தி! 'ஆக்சிடென்ட் ஆன வண்டி, ரீசேல் போச்சு'ன்னுதானே நினைப்பீங்க? 2015ல் அந்தக் கார் சுமார் 80 லட்சம் பவுண்டுக்குப் போனதா செய்தி வந்துச்சு. ரிப்பேர் பண்ணினது கம்பெனியே, ஒவ்வொரு நட்டுக்கும் ரெக்கார்ட் இருக்கு, ஓட்டினது மிஸ்டர் பீன். போதாதா?

அதே மாடல்ல இன்னொரு கார். ஓடினது வெறும் 390 கிலோமீட்டர். 2021ல் ஏலத்துல 2 கோடி டாலருக்கு மேல போச்சு. ஓட்டினதுக்கும் விலை, ஓட்டாததுக்கும் விலை. தலை சுத்துதா? பொதுவான ஒண்ணு இருக்கு. ரெண்டு காரோட வாழ்க்கையும் காகிதத்துல இருக்கு.

நம்ம நாட்டு உதாரணம் வேணுமா? சச்சின்! பிராட்மேனோட 29 டெஸ்ட் சதத்தைத் தொட்டதுக்காக 2002ல் ஃபியட் கம்பெனி ஃபெராரி 360 மொடினாவைப் பரிசாக் கொடுத்தது. சாவியைக் கொடுத்தது மைக்கேல் ஷூமாக்கர். ஒரு கோடிக்கு மேல வர்ற சுங்க வரியைத் தள்ளுபடி பண்ணினாங்க, எதிர்ப்பு கிளம்புச்சு, வழக்கு வந்துச்சு, கடைசியில வரியை ஃபியட்டே கட்டுச்சு. 2011ல் சூரத்தைச் சேர்ந்த ஒரு தொழிலதிபர்கிட்ட கார் கைமாறினது. 360 மொடினா அபூர்வமே இல்லை, உலகத்துல ஆயிரக்கணக்குல இருக்கு. ஆனா 'சச்சினோட ஃபெராரி' ஒண்ணே ஒண்ணுதான்.

அதுக்காக 'குறைச்சலா இருந்தா விலை ஏறும்'னு முடிவு பண்ணிடாதீங்க. 2012 டெல்லி ஆட்டோ எக்ஸ்போவுல 'டிசி அவந்தி'ன்னு நம்ம நாட்டு ஸ்போர்ட்ஸ் காரைக் காட்டினாங்க. ரோட்டுல பார்க்கிறது குதிரைக் கொம்பு. ஆனா 2020 டிசம்பர்ல மும்பை போலீஸ் ஒரு வழக்குப் போட்டாங்க. ஒரே இன்ஜின், சேஸிஸ் நம்பர்ல ஒண்ணுக்கு மேல பதிவு இருக்குங்கிறது குற்றச்சாட்டு. உண்மையா இல்லையாங்கிறது கோர்ட் விஷயம். ஆனா பல்லு மேலயே சந்தேகம் வந்துட்டா, வாங்க வர்றவர் கை துண்டுக்குள்ள வருமா?

கே.ஏ., டி.என்., பி.ஒய்.

மறுபடியும் ரோட்டுக்கு வருவோம். வெளிநாட்டு ஏல விலையை டாலர்ல இருந்து ரூபாய்க்கு மாத்தினா இங்கத்த விலை வந்துடுமா? வராது. நடுவுல கவர்ன்மென்ட் நிக்குது! 2013 பட்ஜெட்ல, முழுசா இறக்குமதி ஆகிற விலை உயர்ந்த கார்களுக்கான சுங்க வரியை 75 சதவீதத்தில் இருந்து 100 சதவீதமா ஏத்தினாங்க. அதாவது, அந்த வரிப்படி வந்து இறங்கும்போதே விலை டபுள் ஆச்சு. அப்புறம் ஜி.எஸ்.டி. வகையறா தனி.

அடுத்தது சாலை வரி. தமிழ்நாட்டுல 2023 நவம்பர்ல வந்த மாற்றப்படி, 20 லட்சத்துக்கு மேல இருக்கிற புது காருக்கு ஆயுள் வரி 20 சதவீதம். 4 கோடி காருக்கு 80 லட்சம்! திருவண்ணாமலை ஆர்.டி.ஓ.வில் 'டி.என். 25' வாங்க இவ்வளவு. இதே ரூட்டோட கடைசியில இருக்கிற புதுச்சேரியில வரி ரொம்பக் குறைச்சல். அதனாலதான் வசதியானவங்க கார்ல 'பி.ஒய்.' பிளேட்டை அடிக்கடி பார்க்கிறோம். 2017ல் கேரளாவுல இதுக்காக சினிமாக்காரங்க மேலயே கேஸ் பாய்ஞ்சது ஞாபகம் இருக்கலாம்.

இதுல ரீசேல் கணக்கு என்ன? வேற மாநில வண்டியை இங்கே 12 மாசத்துக்கு மேல வெச்சிருந்தா இங்கே மறுபதிவு பண்ணணும்னு மோட்டார் வாகனச் சட்டம் சொல்லுது. வரியும் கட்டணும். அப்போ, சல்லிசா கிடைக்குதுன்னு 'பி.ஒய்.' வண்டியை வாங்குறவர் அந்த வரியையும் சேர்த்துத்தான் விலை போடணும். டீக்கடைப் பசங்க ஏலம் போட்டப்போ யாராவது பிளேட்டைப் பார்த்தாங்களா?

மாட்டைப் பார்க்காதே!

இவ்வளவு நேரம் சொன்னது எல்லாம் பொருளைப் பத்தி. பெரியவர் எனக்குச் சொன்ன கடைசிப் பாடம் வேற. "மாட்டைப் பார்க்கிறதுக்கு முன்னாடி, கயித்தைப் புடிச்சிருக்கிறவன் மூஞ்சியைப் பாரு தம்பி."

புரியல. "அதோ அந்தம்மாவைப் பாரு"ன்னார்.

ஒரு அக்கா, கலப்பினப் பசு ஒண்ணைப் பிடிச்சுக்கிட்டு நின்னாங்க. ரெண்டாவது ஈத்து, நல்ல கறவை. காலையில 48 ஆயிரம் சொன்னாங்களாம். வந்தவங்க எல்லாம் மடியைத் தடவிப் பார்த்தாங்க, பல்லைப் பார்த்தாங்க, குறையே சொல்ல முடியல. ஆனா ஒவ்வொருத்தரும் ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க. "ஏம்மா விக்கிற?" அந்தக்கா மறைக்கத் தெரியாதவங்க. "பையனுக்குக் காலேஜ்ல பணம் கட்டணும். நாளைக்குத்தான் கடைசி நாளு."

அவ்வளவுதான். 48, 44 ஆச்சு. 44, 40 ஆச்சு. வெயில் ஏற ஏற விலை இறங்குச்சு. கடைசியில 36 ஆயிரத்துக்குக் கயிறு கைமாறுச்சு. அந்த ஒரு பகல்ல மாட்டுக்கு ஒரு பல்லுகூடக் கூடல, பால் ஒரு சொட்டுக்கூடக் குறையல. 12 ஆயிரம் எங்கே போச்சு? 'நாளைக்கு'ங்கிற அந்த ஒரு வார்த்தைக்குப் போச்சு.

'அடிமாட்டு விலைக்குப் போச்சு'ன்னு நாம சர்வ சாதாரணமா சொல்றோமே... அது மாட்டோட தரத்தைப் பத்தின வார்த்தைன்னு இவ்வளவு நாளா நினைச்சிருந்தேன். நல்ல மாடும் அடிமாட்டு விலைக்குப் போகும், வித்தவங்களுக்கு அவசரம் இருந்தா.

இப்போ இதுவரைக்கும் உலகத்துலயே அதிக விலைக்குப் போன காரைப் பாருங்க. மெர்சிடீஸ் பென்ஸ் 300 எஸ்.எல்.ஆர். உலென்ஹாட் கூப்பே. 1955ல் செஞ்சது, மொத்தமே ரெண்டு கார். கம்பெனியோட தலைமை இன்ஜினீயர் ருடால்ஃப் உலென்ஹாட், ஆபீஸுக்குப் போயிட்டு வர ஓட்டின கார். ரெண்டையும் கம்பெனி விக்கவே இல்லை. எத்தனையோ பணக்காரங்க கேட்டுப் பார்த்திருப்பாங்க. கம்பெனிக்கு என்ன அவசரம்? 67 வருஷம் வெச்சிருந்து, 2022 மே 5ஆம் தேதி ஸ்டுட்கார்ட்ல இருக்கிற தன்னோட மியூசியத்துலயே, தானே கூப்பிட்ட சில பேருக்கு மட்டும் ஏலம் விட்டாங்க. 13 கோடியே 50 லட்சம் யூரோ! அன்னைய மதிப்புல ஆயிரம் கோடி ரூபாய்க்கும் மேல.

அபூர்வம் ஒரு காரணம், கதை ஒரு காரணம், பேப்பர் ஒரு காரணம். எல்லாத்தையும் விட, வித்தவங்களால காத்திருக்க முடிஞ்சுது. நாளும் இடமும் அவங்க சொன்னது. அதே கார் ஒரு கடன்காரர் கையில, மறுநாள் பேங்க்ல பணம் கட்டணும்ங்கிற நிலைமையில இருந்திருந்தா? அதே நம்பர் வந்திருக்காது. அதனால ஃபெராரியோ பசுவோ, விலை சொல்றதுக்கு முன்னாடி கேட்க வேண்டிய கேள்வி, 'யாருக்கு அவசரம்?'

அந்த ஏலத்துல வந்த பணத்தை என்ன பண்ணினாங்க தெரியுமா? சுற்றுச்சூழல் பத்திப் படிக்கிற, ஆராய்ச்சி பண்ற இளைஞர்களுக்கு ஸ்காலர்ஷிப் நிதியா வெச்சாங்க! ஸ்டுட்கார்ட்ல வித்த காரும் ஸ்டூடன்ட்ஸ் படிப்புக்குத்தான். கீழ்பென்னாத்தூர்ல வித்த மாடும் ஸ்டூடன்ட் படிப்புக்குத்தான். காத்திருக்க முடிஞ்சவங்களுக்குக் கிடைச்ச விலை வேற, முடியாதவங்களுக்குக் கிடைச்ச விலை வேற.

நமக்கு என்ன வேலை?

நம்மள்ல யாரும் நாளைக்கே மெக்லாரன் வாங்கப் போறதில்லை. ஆனா செகண்ட் ஹேண்ட் பைக் வாங்குவோம். அப்போ பல்லைப் பாருங்க. ஆர்.சி.யில இருக்கிற இன்ஜின், சேஸிஸ் நம்பரும் வண்டியில பொறிச்சிருக்கிறதும் ஒண்ணான்னு குனிஞ்சு பாருங்க. எம்பரிவாஹன் ஆப்ல நம்பரைப் போட்டு ஓனர் விவரம், இன்ஷூரன்ஸ் சரியான்னு செக் பண்ணுங்க. லோன் பாக்கி இருந்தா பேங்க்கோட என்.ஓ.சி. இல்லாம அச்சாரம் கொடுக்காதீங்க. ஃபார்ம் 29, 30 ரெண்டுலயும் கையெழுத்து வாங்கிப் பெயர் மாத்துங்க. சாவி கைக்கு வந்தா மட்டும் வண்டி உங்களுது ஆகிடாது.

முக்கியமா, 'இன்னைக்கே முடிக்கணும்'னு வாயால சொல்லாதீங்க!

இன்னொரு விஷயம். ஃபீஸ் கட்ட வேண்டிய தேதி நமக்கு முன்னாடியே தெரியும். அதை வீட்டுல கடைசி வாரத்துல சொல்றதும், ரெண்டு மாசம் முன்னாடி சொல்றதும் ஒண்ணு இல்லை. ரெண்டு மாசம் கிடைச்சா எட்டு சந்தை கிடைக்கும். இந்த வாரம் விலை படியலைன்னா மாட்டை ஓட்டிட்டு வந்துடலாம். வீட்டுல முதல் பட்டதாரி நீங்கதான்னா அந்தச் சான்றிதழை அட்மிஷனுக்கு முன்னாடியே வாங்கி வைங்க. 4 லட்சம் வரைக்குமான கல்விக் கடனுக்கு பேங்க்ல சொத்து ஜாமீன் கேட்கிறதில்லைங்கிறதையும் தெரிஞ்சு வைங்க. சீக்கிரம் அப்ளை பண்ணினா அவசரம் குறையும். அவசரம் குறைஞ்சா விலை நிக்கும்.

போறது எப்படின்னு கேட்கிறீங்களா? சென்னை கிளாம்பாக்கத்துல திண்டிவனம், செஞ்சி வழியா திருவண்ணாமலை போற பஸ்ல ஏறுங்க, கீழ்பென்னாத்தூர்ல நிக்குமான்னு கண்டக்டர்கிட்ட கேட்டுக்கங்க. வழியில செஞ்சிக் கோட்டை வரும், இறங்கி ஏறலாம். கார்த்திகை தீப நேரத்துல போனா திருவண்ணாமலையில கூடுற மாட்டுச் சந்தையையும் பார்க்கலாம். குதிரைகளும் விலைக்கு வரும். பல்லு, சுழி, துண்டு எல்லாம் அங்கேயும் உண்டு.

போயிட்டு வந்ததும் ஒரு ஹோம் ஒர்க். உங்க ஃபர்ஸ்ட் இயர் ஃபீஸ் ரசீதை எடுத்து அதுல இருக்கிற தேதியைப் பாருங்க. அந்த வாரம் வீட்டுல என்ன வித்தாங்க, எவ்வளவுக்கு வித்தாங்கன்னு அம்மாகிட்ட கேளுங்க. அடுத்த செமஸ்டர் ஃபீஸ் தேதியையும் அப்பவே சொல்லிடுங்க.